படகுக்குத் தார்ப்பாய் போதும் என்று நான் சொன்னது

தாம்பரத்தில் எந்தப் பக்கம் தேடினாலும் சொந்தமாகப் படகு வைத்திருக்கும் ஒரே ஷேர் ஆட்டோ டிரைவர் நான்தான்.

இது பொய். படகு என் அண்ணனுடையது. ஆட்டோ மட்டும்தான் என்னுடையது. அந்த ஆட்டோவும் படகை விட மெதுவாகப் போகிறது என்று என் வண்டியில் தினமும் ஏறும் டீச்சரம்மாக்கள் சொல்வார்கள். நான் நாலாவது வரை படித்தவன். அந்த நாலாவதை இரண்டு தடவை படித்தேன். அப்படியும் டீச்சர் என்றால் இன்றைக்கும் பயம்தான், அதனால் பதில் பேசுவதில்லை.

எங்கள் வீடு முடிச்சூர் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. ஒரு காலத்தில் எங்கள் அப்பாவின் நெல் வயல். அவர் அதை மனை போட்டு விற்றுவிட்டு ஒரு துண்டை எங்களுக்கு வைத்தார். வாங்கியவர்கள் எல்லாம் ஆபீஸ் வேலைக்காரர்கள், வாத்தியார்கள். மழைக்காலத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு அவர்கள் எங்களைப் பார்க்கும் பார்வையில் ஒரு கேள்வி இருக்கும். எங்கள் அப்பா நல்லவேளையாகப் போய்ச் சேர்ந்துவிட்டார்.

கீழ் வீட்டில் அண்ணனும் அண்ணியும். மாடியில் ஒற்றை அறையில் நான். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. எனக்குப் பெண்டாட்டியே இல்லை, ஒருத்தியும் ஏமாறவில்லை.

அண்ணன் திருமுடிவாக்கத்தில் ஒரு சின்ன ஃபைபர் பட்டறையில் இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தான். தண்ணீர்த் தொட்டி, பாத்ரூம் கதவு, இப்படி. அவன் படகு செய்ததற்குக் காரணம் நான். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை.

அந்தப் பெரிய வெள்ளம் வந்த சாயங்காலம், எங்கள் பக்கத்தில் வண்டி வைத்திருக்கிற எல்லோரும் செய்கிறதை நானும் செய்தேன். ஆட்டோவைக் கொண்டுபோய் மேம்பாலத்து மேலே நிறுத்தினேன். நிறுத்திவிட்டு உடனே திரும்பியிருந்தால் வீட்டுக்கு வந்திருக்கலாம். மழை விடட்டும் என்று உள்ளேயே உட்கார்ந்தேன். அதற்குள் கீழே ரோடு காணாமல் போய்விட்டது. இரண்டு நாள் பாலத்து மேலே, யாரோ கொடுத்த பிரெட்டைத் தின்றுகொண்டு ஆட்டோவுக்குக் காவல் இருந்தேன். அந்த இரண்டு நாளும் அண்ணனும் அண்ணியும் மொட்டை மாடியில் நனைந்தபடி நின்றார்கள். மெயின் ரோடு வரைக்கும் மீட்புப் படகு வந்திருக்கிறது. எங்கள் சந்துக்குள் வரவில்லை. அண்ணன் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டிவிட்டது. தண்ணீர் வடிந்த பிறகு நான் ஒரு பிஸ்கட் பாக்கெட்டோடு போய் நின்றேன். அவன் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்குப் போய் அச்சு போட ஆரம்பித்தான்.

பன்னிரண்டடி நீளம், நாலடி அகலம். ஆறு பேர் உட்காரலாம். பாத்ரூம் கதவுக்கு வாங்கி மீந்த பச்சைக் கலரைத்தான் அதற்கும் பூசினான். 'பாத்ரூம் கப்பல்' என்று அதற்குப் பேர் வைத்ததும் நான்தான். அடுத்து வந்த மழையில் அந்தக் கப்பல்தான் எங்கள் தெருவிலிருந்து ஒரு நிறைமாசப் பெண்ணையும், எதிர்வீட்டு ரிட்டயர்டு சாரையும், அவர் விடமாட்டேன் என்று கட்டிப்பிடித்த டிவியையும் மெயின் ரோட்டில் சேர்த்தது. அதற்கப்புறம் யாரும் சிரிக்கவில்லை.

மற்ற நாளெல்லாம் படகு எங்கள் வாசலில் நாலு பழைய லாரி டயர் மேலே உட்கார்ந்திருக்கும். அதற்கு மேலே ஒரு கல்யாண ஃப்ளெக்ஸ் பேனரைப் போட்டு மூடியிருந்தோம். யார் கல்யாணமோ, தெரியாது. மண்டப வாசலில் கழற்றிப் போட்டிருந்ததை நான் எடுத்து வந்தேன். பல வருஷ வெயிலில் அந்த மாப்பிள்ளையும் பெண்ணும் வெளுத்துப் போனார்கள்.

இந்த வருஷம் கோடையில் அண்ணனுக்கு வயிற்றில் வலி வந்தது. அங்கே காட்டி இங்கே காட்டி, கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியில், வீட்டுக்குக் கூட்டிப் போங்கள், பிடித்ததைக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அண்ணி மருந்துச் சீட்டோடு நின்றபோது டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "மழைக்காலம் தாண்டறது கஷ்டம்" என்றார். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாததால் அது எனக்கு மட்டும் தெரிந்த கணக்காக இருந்தது.

முன்னறை ஜன்னலோரமாக அண்ணனுக்குக் கட்டிலைப் போட்டோம். படுத்தபடியே அவனுக்குப் படகு தெரியும்.

ஒருநாள் காலையில் இட்லியை ஊட்டிக்கொண்டிருந்தேன். ஜன்னலைக் காட்டினான்.

"டேய், ஃப்ளெக்ஸ் கிழிஞ்சிச்சு பாரு."

"ஆமாண்ணா. மாப்ள மூஞ்சி பூட்ச்சு. பொண்ணு மட்டும் கீது. டைவர்ஸ் ஆயிருக்கும்."

"ஜோக்கு அப்பால வச்சிக்க. மழைக்கு முன்னாடி ஒரு கவர் தைக்கணும். ராஜகீழ்ப்பாக்கத்துல உன் ஆட்டோக்கு டாப் தச்சாரே, அவராண்ட சொல்லு. வந்து அளவெடுக்கட்டும். சட்டை மாதிரி உக்காரணும்."

"அதுக்கு எதுக்குணா சட்டை, பேண்ட்டு? ஒரு நீலத் தார்ப்பா வாங்கி இழுத்துக் கட்னா கம்முனு கெடக்கும். போதும்."

"தார்ப்பா ஒரு மழைக்குதான்டா. காத்துல படபடன்னு அடிச்சிகினே கிழியும். நடுவுல தண்ணி நிக்கும். கவர்னா ஏழெட்டு வருசம் வரும்."

ஏழெட்டு வருஷம் என்று அவன் சொன்னது என் நெஞ்சில் போய் மாட்டிக்கொண்டது. எலும்புக்கு மேல் தோல் ஒட்டிப்போய்ப் படுத்திருக்கிற மனிதன் ஏழெட்டு வருஷத்துக்குத் துணி எடுக்கச் சொல்கிறான். சரிண்ணா என்று தலையாட்டினேன்.

அன்றைக்கு மத்தியானமே ராஜகீழ்ப்பாக்கம் போனேன். அங்கே ஆட்டோ, ஸ்கூல் வேன் எல்லாவற்றுக்கும் சீட்டும் டாப்பும் தைக்கிற குஷன் கடை. கடைக்காரருக்கும் எனக்கும் வருஷக்கணக்கில் பழக்கம். படகு என்றதும் சிரித்தார். பிறகு, "செய்லாம் மச்சான். நேர்ல வந்து அளவெடுக்கணும். நல்ல துணி வரவழைக்கணும். மழை சீசன், வேன்காரங்க க்யூல நிக்கறாங்க. பதினஞ்சு நாள் ஆவும்" என்றார். விலையும் சொன்னார். தார்ப்பாயைப் போல ஏழு மடங்கு.

விலைக்காக நான் பின்வாங்கவில்லை. அப்படிச் சொல்லிக்கொள்ளலாம், கேட்பவர்களும் நம்புவார்கள். உண்மை வேறு. பதினைந்து நாள், ஏழெட்டு வருஷம், டாக்டர் சொன்னது. இந்த மூன்றையும் நாலாவது படித்த மூளையில் போட்டுக் கூட்டிக் கழித்தேன். சொல்றேன் மச்சான் என்று எழுந்து வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணன் கேட்டான்.

"இன்னாடா சொன்னாரு?"

"அவரு ஊருக்குப் போயிருக்காராம்ணா. கோயில் திருவிழாவாம். வந்ததும் சொல்றேன்."

இரண்டு நாள் கழித்து மறுபடி கேட்டான். இன்னும் வரவில்லை என்றேன். அதற்கப்புறமும் கேட்டான். அவர் மாமியாருக்கு உடம்பு சரியில்லை என்று ஒரு மாமியாரையும் உண்டாக்கினேன். இப்படிப் பன்னிரண்டு நாள் போனது. கடையில் மெஷினை ஓட்டிக்கொண்டிருந்த மனிதர் என் வாயால் பன்னிரண்டு நாள் ஊரில் இருந்தார்.

பன்னிரண்டாம் நாள் பெய்த மழையில் ஃப்ளெக்ஸ் இரண்டாகக் கிழிந்து, படகுக்குள் கணுக்காலளவு தண்ணீர் நின்றது. அண்ணன் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தான். எனக்குப் பொறுக்கவில்லை. தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போய் இருப்பதிலேயே பெரிய நீலத் தார்ப்பாயாக வாங்கி வந்தேன். படகின் மேலே சும்மா போர்த்தினால் தண்ணீர் நிற்கும் என்று அவன் சொன்னது ஞாபகம் வந்தது. நமக்குத்தான் மூளை இருக்கிறதே. ஒரு பக்கத்தை எங்கள் மாடி கைப்பிடியில் கட்டினேன், இன்னொரு பக்கத்தைத் தெருவிளக்குக் கம்பத்தில் கட்டினேன். சரிவாக, விறைப்பாக, வாசல் முழுக்க நிழல் விழுகிற மாதிரி நின்றது. இறங்கி நின்று பார்த்து நானே என் தோளைத் தட்டிக்கொண்டேன்.

எங்கள் தெருவில் வீட்டு வாசலில் இப்படிக் கூரை இழுத்துக் கட்டினால் இரண்டே காரணம்தான். கல்யாணமென்றால் ஓரத்தில் வாழைமரம் இருக்கும். வாழைமரம் இல்லாவிட்டால் அது மற்றது. ஊருக்கே தெரிந்த இந்த விஷயம் எனக்கு அந்த நேரத்தில் தோன்றவில்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்கு ரிட்டயர்டு சார் வந்தார். வெள்ளை வேட்டி. கையில் ரோஜா மாலை. பின்னாலேயே சாமியானாக் கடையிலிருந்து ஒரு குட்டி யானை வண்டி வந்து, நாற்காலிகளை இறக்க ஆரம்பித்தது. சார்தான் போன் பண்ணிச் சொல்லியிருக்கிறார், எனக்குச் சிரமம் வேண்டாமென்று. நான் பல் துலக்கிக்கொண்டு மாடியிலிருந்து இறங்கி வந்தேன்.

சார் என் தோளில் கை வைத்தார். "எப்போப்பா ஆச்சு? ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? நாங்கல்லாம் இல்லையா?"

வாயில் நுரை. என்னால் பேச முடியவில்லை. அழுகிறேன் என்று நினைத்து அவர் இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

அப்போது ஜன்னலுக்குள்ளிருந்து அண்ணன் குரல் வந்தது.

"சார், உள்ள வாங்க. நான் இன்னும் கெளம்பல."

சார் மாலையை எங்கே வைப்பது என்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் மறைத்தார். பெரிய மாலை, இரண்டு பக்கமும் தெரிந்தது. அண்ணன் சிரித்தான். சிரிக்கும்போது வயிற்றைப் பிடித்துக்கொண்டான்.

"பரவால்ல சார், குடுங்க. எம்பேருக்கு வாங்கினது தானே. டேய், வாங்கி ஃப்ரிட்ஜில வை. வீணாப்போவப் போவுது."

அண்ணி சமையலறையிலிருந்து வெளியே வரவே இல்லை. உள்ளே குழாய் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது.

சாரையும் நாற்காலிகளையும் அனுப்பிவிட்டு வந்து கட்டிலருகே நின்றேன். ஏதாவது ஒரு ஜோக் சொல்லி இதைத் தாண்டிவிட வேண்டும் என்று தேடினேன். ஒன்றும் கிடைக்கவில்லை. அண்ணன்தான் பேசினான்.

"கவர் வர்றதுக்குள்ள நான் பூடுவேன்னு கணக்கு போட்டியா?"

நான் அவன் தலையணையைச் சரிசெய்யக் குனிந்தேன்.

"தப்பில்லடா. கணக்கு சரியாக்கூட இருக்கும். ஆனா கவரு எனக்கா? நானா அதப் போத்திகினு படுக்கப் போறேன்?" மூச்சு வாங்கிக்கொண்டான். "உங்க அண்ணிக்குடா. நீ கட்ற முடிச்சு உனக்கே அவுக்க வராது. தண்ணி வர்ற அன்னிக்கி நீ பாலத்து மேல ஆட்டோல கெடப்ப. அவ ஒருத்தி இங்க நிப்பா. ஒரு கயித்த இழுத்தா முழுசும் கைக்கு வரணும். அப்டி தைக்கச் சொல்லத்தான் கேட்டேன்."

பாலத்தைப் பற்றி அவன் வாயைத் திறந்தது அதுதான் முதல் தடவை. அத்தனை வருஷம் கேட்காமல் வைத்திருந்திருக்கிறான்.

தார்ப்பாயை அவிழ்க்கப் போனேன். "இருக்கட்டும் வுடு" என்றான். "படகு நனையாம கீது இல்ல. கவர் வர்ற வரைக்கும் இருக்கட்டும்."

அன்று வண்டி ஓட்டவில்லை. நேராக ராஜகீழ்ப்பாக்கம் போய் கடைக்காரரைக் கையோடு கூட்டி வந்தேன். அவர் ஜன்னலுக்கு வெளியே நின்று நாடாவைப் பிடித்து அளவைச் சொன்னார். அண்ணன் உள்ளேயிருந்து எங்கே தூக்க வேண்டும், எங்கே காற்றுப் போக வழி விட வேண்டும் என்று சொன்னான். பட்டறையில் வேலை சொல்கிற அதே குரல். கொஞ்ச நேரம் நோயே இல்லாத மாதிரி இருந்தது.

"ஊர்ல திருவிழால்லாம் நல்லா முடிஞ்சிதாப்பா?" என்று அண்ணன் நடுவில் கேட்டான்.

"எந்த ஊருண்ணா? நான் எங்கயும் போலியே. கடையிலதான் கெடக்கறேன்."

அண்ணன் என் பக்கம் திரும்பவில்லை.

"இல்ல, வேற யாரோ சொன்னாங்க. நான்தான் தப்பா புரிஞ்சிகினேன். நீ அந்தப் பின்பக்க அளவச் சொல்லு."

மாட்டுவதற்கு மூன்று தினுசு கொண்டு வந்திருந்தார். அண்ணியைக் கூப்பிட்டு ஒவ்வொன்றாகத் திறக்கச் சொன்னான். அழுத்துகிற பட்டன் வரவில்லை. அண்ணிக்கு விரல் மூட்டெல்லாம் வீங்கியிருக்கும். பிளாஸ்டிக் கிளிப்பும் வரவில்லை. மூன்றாவது, ஓரம் முழுக்க ஒரே கயிறு ஓடி, முன்னால் ஒரு பெரிய கொக்கியில் மாட்டுகிறது. அண்ணி இழுத்தார். வந்துவிட்டது.

"இதான்" என்றான் அண்ணன். "எங்க, இன்னோரு வாட்டி."

அண்ணி இன்னொரு தடவை இழுத்துக் காட்டினார். அவர் அவன் முகத்தைப் பார்க்கவில்லை, கொக்கியையே பார்த்தார்.

பதினைந்து நாள் என்று கடைக்காரர் சொல்லிவிட்டுப் போனார். அதற்கப்புறம் அண்ணன் தினமும் காலையில், "இன்னிக்கு எத்தினி?" என்று கேட்பான். நான் நாளைச் சொல்வேன். எட்டாம் நாளுக்கப்புறம் கேட்கவில்லை. நானே சொன்னேன். பதினோராம் நாள் விடியும்போது, நாளைச் சொன்னால் கேட்க அவன் இல்லை.

வாசலில் தார்ப்பாய் அப்படியே இருந்தது. அத்தனை நாளாகப் பார்த்துப் பழகிவிட்டதால் அன்றைக்கு யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பால்காரர் வழக்கம்போல பாக்கெட் போட்டுவிட்டுப் போனார். ரிட்டயர்டு சார் வாக்கிங் போகும்போது எனக்குக் கையைக் காட்டினார். நான்தான் வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். சார் வீட்டில் சொன்னபோது, நான் என்றைக்கும் போல விளையாடுகிறேனோ என்று ஒரு நிமிஷம் என் முகத்தையே பார்த்தார்.

என் வாழ்க்கையில் நான் போட்ட கணக்கில் சரியாக வந்தது அது ஒன்றுதான். கவர் வருவதற்குள் அவன் போய்விட்டான். நாலு நாள் வித்தியாசம். கடைக்காரரை நான் பொய்யாக ஊருக்கு அனுப்பிவைத்த அந்தப் பன்னிரண்டு நாளில் ஒரு நாலு நாள். முதல் நாளே அளவெடுத்திருந்தால், கவர் வந்து, அதை மாட்டிப் பார்த்து, இந்த இடத்தில் இழுக்கிறது, அந்த இடத்தில் தொங்குகிறது என்று என்னைத் திட்டவும் அவனுக்கு நேரம் இருந்திருக்கும்.

கடைக்காரர் துக்கத்துக்கு வந்தபோது என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "மச்சான், தப்பா நெனைக்காத. இன்னும் ஓரம் அடிக்கல. வேணாம்னா சொல்லு, துணிய வேன் டாப்புக்கு எடுத்துக்கறேன்." அவர் நல்லதுக்குத்தான் சொன்னார். நான், தைத்துவிடு என்றேன்.

கவர் வந்தது. சாம்பல் கலர். அவன் சொன்ன மாதிரியே சட்டை போல உட்கார்ந்தது, ஒரு சுருக்கம் இல்லை. அண்ணி வாசலுக்கு வந்து கையால் தடவிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, தானாகவே வந்து, "தம்பி, நீங்க கிட்ட வராதீங்க" என்று சொல்லிவிட்டுக் கொக்கியைப் பிடித்தார். முதல் தடவை பாதியிலேயே டயர் மேலே உட்கார்ந்துவிட்டார். கை வலியா, வேறு எதுவா என்று நான் கேட்கவில்லை. அதற்கப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் கழற்றுகிறார், மாட்டுகிறார். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறேன்.

போன வாரம் நல்ல மழை. நான் செம்பாக்கம் ஏரிப் பக்கம் டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டேன். பாலம் பக்கம் வண்டியைத் திருப்பவில்லை. எப்படியோ சந்து சந்தாக வீட்டுக்கு வந்து சேர்ந்தால், தெருவில் கணுக்கால் அளவுதான் தண்ணீர். படகு மிதக்க அது காணாது. ஆனால் கவர் கழற்றி அழகாக மடித்து வைத்திருந்தது. டயர் மேலே இருந்த படகுக்குள்ளே, குடையைப் பிடித்துக்கொண்டு அண்ணி உட்கார்ந்திருந்தார். மடியில் ரேஷன் கார்டு வைத்த பை.

"இன்னா அண்ணி இது?" என்றேன்.

"கழட்டிட்டேன் தம்பி. ஒரே இழுப்புல வந்துச்சு. அப்பால இன்னா பண்றதுன்னு உங்க அண்ணன் சொல்லலியே."

எனக்கும் தெரியாது. துடுப்பு போட அவன் எனக்குச் சொல்லிக் கொடுக்க வந்தபோதெல்லாம் நான் கப்பல் கேப்டன் மாதிரி சல்யூட் அடித்துக் காட்டிவிட்டு ஓடியிருக்கிறேன். அதனால் அன்றைக்கு நானும் படகில் ஏறி, அண்ணிக்கு எதிரே உட்கார்ந்து, துடுப்பை எடுத்து, காற்றில் எப்படி வலிப்பது என்று...

மாடியில் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அண்ணி கீழேயிருந்து கூப்பிடுகிறார். "தம்பி, எறங்கி வாங்க. மானம் இருட்டிகினு வருது. வந்து நில்லுங்க போதும். கை வெக்காதீங்க."

போகிறேன்.